முருங்கைக்கீரை சாப்பிட்டும் ரத்தசோகை போகலையா? குறை கீரையில் இல்லை... கூட எதைச் சாப்பிடுறோம் என்பதில் இருக்கு!

தேனி மாவட்டத்தில் முருங்கைக்குப் பஞ்சமே இல்லை. ஆண்டிபட்டி பக்கம் போனால் தோட்டம் தோட்டமாக முருங்கை. நாட்டில் பல மாநிலங்களில் பயிராகும் பி.கே.எம்.1 என்ற செடிமுருங்கை ரகம் பிறந்ததே பெரியகுளத்தில்தான். அங்குள்ள தோட்டக்கலைக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம் 1989-ம் ஆண்டு அதை வெளியிட்டது. பெயரில் இருக்கும் பி.கே.எம். என்பதே பெரியகுளத்தைத்தான் குறிக்கிறது. முருங்கை ஏற்றுமதி மண்டலமாகத் தமிழக அரசு அறிவித்த 7 மாவட்டங்களில் தேனியும் ஒன்று.

ஆனால் தமிழ்நாடு முழுக்கப் பார்த்தால் நிலைமை வேறு. 2019-21ல் நடந்த 5-வது தேசிய குடும்பநல ஆய்வின்படி, மாநிலத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4% பேருக்கு ரத்தசோகை. 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 57.4% பேருக்கு இருக்கு. அதாவது, இரண்டு பெண்களில் ஒருவருக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் போதவில்லை.

வீட்டு வாசலில் முருங்கை மரம், உடம்பில் இரும்புச்சத்து இல்லை. ஏன் இப்படி? காரணங்கள் பல இருக்கு. அதில் நம் கையிலேயே இருக்கும் ஒரு காரணத்தை மட்டும் இங்கே விரிவாகப் பார்க்கலாம்: கீரை, காய், தானியத்தில் உள்ள சத்து உடம்பில் ஏறுவது, அதோடு சேர்த்து நாம் வேறு எதைச் சாப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது.

முதல்ல ஒரு சின்னக் கணக்கு

100 கிராம் பச்சை முருங்கைக்கீரையில் சுமார் 4.5 மில்லிகிராம் இரும்புச்சத்து இருக்கு. ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மி.கி. இரும்பு உணவில் இருக்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் பரிந்துரைத்தன.

"அம்மாடி, 29-ஆ?" என்று தோணும். ஆனால் உடம்புக்குள் உண்மையில் போய்ச் சேர வேண்டியது 2 மி.கி.க்குக் கொஞ்சம் மேலதான். நம்ம ஊர் சாப்பாட்டில் இருக்கும் இரும்பில் சுமார் 8% மட்டுமே உடம்பில் ஏறும் என்று வைத்துத்தான் அந்த 29 வந்திருக்கு. மிச்சம் வந்த வழியே வெளியே போய்விடும்.

அப்படின்னா, 100 கிராம் கீரையில் இருந்து கிடைப்பது அரை மி.கி.கூட இல்லை. அந்த 8% என்பதும் நிலையானது இல்லை. கூடச் சாப்பிடும் பொருளைப் பொறுத்து இரண்டு மடங்கு ஆகலாம், பாதியாகவும் குறையலாம். விஷயமே இங்கேதான் இருக்கு.

செடியில் இருக்கும் இரும்பு ஏன் இப்படி அடம்பிடிக்குது?

இரும்புச்சத்து இரண்டு வகை. ஆட்டுக்கறி, ஈரல், மீன், கோழி போன்றவற்றில் இருக்கும் இரும்பில் ஒரு பகுதி, ரத்தத்தில் இருக்கும் அதே வடிவில் இருக்கும். குடல் அதை அப்படியே உள்ளே எடுத்துக்கொள்ளும். கூட என்ன சாப்பிட்டாலும் அதற்குப் பெரிய பாதிப்பு இல்லை.

கீரை, பருப்பு, கேழ்வரகு, கம்பு போன்றவற்றில் இருப்பது வேற வகை. அது குடலில் கரைந்த நிலையில் இருந்தால்தான் உள்ளே போகும். ஆனால் போகிற வழியில் அதைப் பிடித்து இழுத்து வைத்துக்கொள்ளும் பொருட்களும் அதே சாப்பாட்டில் இருக்கு. முக்கியமானவை நான்கு:

- டீ, காபியில் இருக்கும் டானின் வகைப் பொருட்கள்
- தானியம், பருப்பின் தோலில் இருக்கும் ஃபைடேட்
- சில கீரைகளில் இருக்கும் ஆக்ஸலேட் (இது முக்கியமாகக் கால்சியத்தைப் பிடிக்கும்)
- பால், தயிர், கால்சியம் மாத்திரையில் இருக்கும் கால்சியம்

எதிர்ப்பக்கம் உதவிக்கு வருபவையும் இருக்கு. வைட்டமின் சி, மீன் அல்லது இறைச்சி, எண்ணெய், ஊறவைத்தல், புளிக்கவைத்தல். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சாப்பிட்ட கையோடு டீ: இதுதான் பெரிய ஓட்டை

கம்பம், உத்தமபாளையம், போடி பக்கத்தில் இருந்து விடியற்காலையிலேயே ஜீப் ஏறி, இடுக்கி மலையில் உள்ள ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் ஏராளம். கையில் தூக்குவாளியில் சோறு, குழம்பு. மலையில் குளிர். சாப்பிட்டு முடித்த கையோடு ஒரு கட்டஞ்சாயா அல்லது பால் டீ. மேகமலைத் தேயிலைத் தோட்டப் பக்கம் கேட்கவே வேண்டாம்.

இங்கேதான் சிக்கல். டீயில் உள்ள டானின், கீரை-பருப்பில் இருந்து வரும் இரும்போடு ஒட்டிக்கொண்டு, குடல் உறிஞ்ச முடியாத கூட்டுப்பொருளாக மாற்றிவிடும். சாப்பாட்டோடு ஒரு கப் டீ குடித்தால் இந்த வகை இரும்பு உறிஞ்சப்படுவது 60% அளவுக்குக் குறைந்ததாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காபிக்கு இந்தப் பாதிப்பு கொஞ்சம் குறைவு, ஆனால் இருக்கு.

"பால் டீதானே குடிக்கிறோம், பரவாயில்லையா?" என்று கேட்கலாம். பால் சேர்ப்பதால் இந்தப் பிரச்சினை தீர்ந்துவிடாது. பாலில் இருக்கும் கால்சியமும் இரும்புக்குப் போட்டிதான்.

அதற்காக டீயை விட வேண்டியதில்லை. நேரத்தைத் தள்ளினாலே போதும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டி, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் ஒரு மணி நேரம் பின்னும் டீ, காபி வேண்டாம் என்கிறது. ஒரு மணி நேரம் கழித்து டீ குடித்தால் பாதிப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைவதை 2017-ல் வெளியான ஒரு ஆய்வும் காட்டியது.

எலுமிச்சை, நெல்லி, கொய்யா: காசு குறைவு, பலன் அதிகம்

வைட்டமின் சி செய்யும் வேலை ரொம்ப எளிது. குடலில் இரும்பைக் கரைந்த நிலையிலேயே வைத்திருக்கும். டானினும் ஃபைடேட்டும் அதைப் பிடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். ஒரு வேளைச் சாப்பாட்டோடு 50 மி.கி. வைட்டமின் சி சேர்ந்தால் செடி வகை இரும்பு ஏறுவது இரண்டு, மூன்று மடங்கு கூடலாம்.

50 மி.கி.க்கு எங்கே போவது? ஒரு நெல்லிக்காயே போதும். 100 கிராம் நெல்லியில் சுமார் 250 மி.கி. வைட்டமின் சி இருக்கு. கொய்யாவில் 100 கிராமுக்கு 200 மி.கி.க்கு மேல். அரை எலுமிச்சம்பழச் சாற்றில் 10 முதல் 15 மி.கி.தான் இருக்கும். ஆனால் அதன் புளிப்பும் கொஞ்சம் கை கொடுக்கும்.

முருங்கைக்கீரையிலேயே 100 கிராமுக்கு 100 மி.கி. வைட்டமின் சி உண்டு. அப்புறம் எதற்கு எலுமிச்சை? காரணம் இருக்கு. வைட்டமின் சி சூட்டில் அழியும், தண்ணீரில் கரையும். கீரையை ரொம்ப நேரம் வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டால் பெரும்பகுதி போய்விடும். அதனால் கீரையை நறுக்கியதும் கழுவாமல், கழுவிவிட்டு நறுக்குங்க. தண்ணீர் குறைவாக வைத்து, மூடி போட்டுச் சீக்கிரம் இறக்குங்க. எலுமிச்சையை அடுப்பில் இருந்து இறக்கிய பிறகு பிழிங்க.

ஒரு உண்மையையும் சொல்லணும். மடங்குக் கணக்கு எல்லாம் ஒரு வேளைச் சாப்பாட்டை வைத்துச் செய்த சோதனைகளில் வந்தது. வாரக்கணக்கில் முழுச் சாப்பாட்டையும் வைத்துப் பார்க்கும்போது வித்தியாசம் அதைவிடக் குறைவு. உடம்பும் தன் பங்குக்குச் சமாளிக்கும். இரும்பு குறைவாக இருப்பவரின் குடல் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். அதனால் ஒரு நாள் நெல்லிக்காய் சாப்பிட்டு எதுவும் மாறாது. தினசரிப் பழக்கமாக ஆனால்தான் பலன்.

அசைவம் சாப்பிடுபவர்களுக்கு இன்னொரு வழி: கீரையோடு கொஞ்சம் மீனோ கருவாடோ இருந்தாலும் போதும். மீன், இறைச்சியில் இருக்கும் புரதம், கீரையில் இருக்கும் இரும்பையும் சேர்த்து ஏற்றிவிடும். சோறு, முருங்கைக்கீரை, ஒரு துண்டு கருவாடு... நம்ம வீட்டுச் சாப்பாடுதான்.

எண்ணெய் இல்லாத கீரை, பாதிக் கீரை

இரும்பை விட்டு வைட்டமின் ஏ பக்கம் வருவோம். 100 கிராம் முருங்கைக்கீரையில் 17,000 மைக்ரோகிராமுக்கு மேல் பீட்டா கரோட்டின் இருக்கு. உடம்பு இதைத்தான் வைட்டமின் ஏ-வாக மாற்றுகிறது. கண் பார்வைக்கும் நோய் எதிர்ப்புக்கும் தேவையான சத்து.

ஆனால் பீட்டா கரோட்டின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். சாப்பாட்டில் எண்ணெயே இல்லாவிட்டால் பெரும்பகுதி வீண். அமெரிக்காவின் அயோவா மாகாணப் பல்கலைக்கழகத்தில் 2004-ல் ஒரு சோதனை நடந்தது. காய்கறி சாலட்டில் கொழுப்பே இல்லாத கலவையை ஊற்றிச் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் கரோட்டின் ஏறியதே தெரியவில்லை. எண்ணெய் கூடக் கூட ஏறியது. ஒஹாயோ மாகாணப் பல்கலைக்கழகம் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், சாலட்டோடு 150 கிராம் வெண்ணெய்ப்பழம் சேர்த்தபோது பீட்டா கரோட்டின் ஏறியது 15 மடங்கு.

நமக்கு வெண்ணெய்ப்பழம் வேண்டாம். கீரையைத் தாளிக்க ஊற்றும் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய், மேலே தூவும் தேங்காய்ப்பூ போதும். "எண்ணெய் ஆகாது" என்று வெறும் தண்ணீரில் அவித்துச் சாப்பிடுபவர்கள்தான் இதைக் கவனிக்கணும்.

தக்காளிக்கும் இதே கதை. அதன் சிவப்பு நிறத்துக்குக் காரணமான லைகோபீன், பச்சையாகச் சாப்பிடுவதைவிட எண்ணெயில் வதக்கிச் சமைக்கும்போது நன்றாக ஏறும். ஆனால் வைட்டமின் சி பச்சைத் தக்காளியில்தான் அதிகம். ஒரு நாள் தொக்கு, ஒரு நாள் பச்சடி என்று மாற்றி மாற்றிச் சாப்பிட்டால் இரண்டும் கிடைக்கும்.

ஊறவைக்கிறது, புளிக்கவைக்கிறது: பாட்டி செஞ்சது சும்மா இல்லை

கம்பு, சோளம், கேழ்வரகு, பயறு எல்லாவற்றிலும் இரும்பு, துத்தநாகம், கால்சியம் இருக்கு. கூடவே ஃபைடேட்டும் இருக்கு. விதை தனக்குத் தேவையான பாஸ்பரஸைச் சேமித்து வைக்கும் பெட்டி மாதிரி அது. அந்தப் பெட்டி கனிமச் சத்துகளையும் கெட்டியாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். நம் குடலால் அதை எளிதில் திறக்க முடியாது.

பெட்டியைத் திறக்கும் சாவி விதையிலேயே இருக்கு. ஃபைடேஸ் என்ற நொதி. தண்ணீரில் ஊறும்போதும் முளைவிடும்போதும் அது வேலை செய்ய ஆரம்பிக்கும். மாவு புளிக்கும்போது உருவாகும் அமிலமும் நுண்ணுயிரிகளும் அந்த வேலையை வேகப்படுத்தும். அதனால்தான் இட்லி, தோசை மாவு, முந்தின நாளே கரைத்துப் புளிக்கவைத்துக் காய்ச்சும் கம்பங்கூழ், கேப்பைக்கூழ், முளைகட்டிய பயறு எல்லாம், அப்படியே அரைத்துச் சமைப்பதைவிட மேல். முளைகட்டும்போது வைட்டமின் சி-யும் கூடுதலாக உருவாகும்.

கூழுக்குத் தொட்டுக்க வெங்காயம் கடிப்பதிலும் விஷயம் இருக்கு. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், தானியம், பருப்போடு வெங்காயம் அல்லது பூண்டு சேர்த்தபோது இரும்பும் துத்தநாகமும் கூடுதலாகக் கிடைக்கும் நிலைக்கு வந்தன. இது ஆய்வகத்தில் செரிமானத்தைப் போலச் செய்து பார்த்த சோதனை, மனிதர்களிடம் செய்தது இல்லை. ஆனாலும் பூண்டுக் குழம்பு சாப்பிட இன்னொரு காரணம்னு வச்சுக்கலாம்.

கால்சியம்: எல்லாக் கீரையும் ஒன்று இல்லை

பசலைக்கீரையில் கால்சியம் நிறைய இருக்குன்னு சொல்வாங்க. இருக்கு, உண்மைதான். ஆனால் அதில் உள்ள ஆக்ஸலேட் கால்சியத்தைப் பூட்டி வைத்திருக்கு. பாலில் இருக்கும் கால்சியத்தில் 27% அளவுக்கு உடம்பில் ஏறும்போது, பசலைவகைக் கீரையில் இருந்து ஏறியது சுமார் 5%தான் என்று ஆய்வு காட்டியிருக்கு. எலும்புக்காகப் பசலையை மட்டும் நம்பக் கூடாது.

கேழ்வரகில் 100 கிராமுக்கு 360 மி.கி. அளவுக்குக் கால்சியம் இருக்கு. ஊறவைத்து முளைகட்டியோ, கூழாகப் புளிக்கவைத்தோ சாப்பிட்டால் அது நன்றாகப் பயன்படும்.

"கீரையும் தயிரும் சேரக் கூடாது" என்று பெரியவங்க சொல்வதில் ஒரு பகுதி சரி. தயிரின் கால்சியம் அந்த வேளை இரும்பைக் கொஞ்சம் குறைக்கும். ஆனால் விஷம் ஒன்றும் ஆகிவிடாது. ரத்தசோகை இருப்பவர்கள் கீரையை மதியமும், தயிரை இன்னொரு வேளையும் வைத்துக்கொண்டால் முடிந்தது. சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்கோ, ஆக்ஸலேட் உள்ள கீரையோடு தயிர் சேர்வது நல்லதே; ஆக்ஸலேட் குடலிலேயே கட்டுப்பட்டு வெளியேறும்.

மஞ்சளும் மிளகும்: பெரிய எண், சின்ன விஷயம்

மிளகு சேர்த்தால் மஞ்சளின் குர்குமின் 20 மடங்கு ஏறும் என்று சமூக வலைதளங்களில் சுற்றும் தகவல், பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் செய்து 1998-ல் வெளியான ஆய்வில் இருந்து வந்தது. அது உண்மையான ஆய்வுதான். ஆனால் அதில் கொடுத்தது 2 கிராம் தூய குர்குமின். அவ்வளவு குர்குமினுக்கு 60 கிராம் அளவு மஞ்சள்தூள் வேண்டும். குழம்பில் நாம போடுவது ஒரு சிட்டிகை. ரசத்துக்கு மிளகு நல்லது, ஆனால் அதை மருந்துன்னு நம்பிட வேண்டாம்.

பாலைவிட 17 மடங்கு கால்சியமா?

முருங்கைப் பொடி பாக்கெட்டுகளில் அடிக்கடி பார்க்கும் வாசகம் இது. இது காய்ந்த பொடியையும் திரவப் பாலையும் கிராமுக்குக் கிராம் ஒப்பிட்ட கணக்கு. 100 கிராம் பொடியில் 2,000 மி.கி. கால்சியம் என்றே வைத்துக்கொள்வோம். நாம சாப்பிடுவது ஒரு டீஸ்பூன், சுமார் 3 கிராம். அதில் 60 மி.கி.தான். 200 மில்லி பாலில் 240 மி.கி. வரை இருக்கு. அதாவது ஒரு ஸ்பூன் பொடி, ஒரு டம்ளர் பாலில் கால் பங்கு.

காய்ச்சும்போதும் உலர்த்தும்போதும் வைட்டமின் சி பெருமளவு போய்விடும் என்பதையும் சேர்த்துப் பாருங்க. பொடி கெட்டது இல்லை. ஆனால் மரம் வாசலில் இருக்கும்போது பச்சைக்கீரையே லாபம்.

மாத்திரை சாப்பிடுறவங்க கட்டாயம் படிங்க

அரசு மருத்துவமனை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு 60 மி.கி. இரும்பு உள்ள மாத்திரையும், தனியாகக் கால்சியம் மாத்திரையும் கொடுக்கிறார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டால் ஒன்றை ஒன்று தடுக்கும். அரசு வழிகாட்டுதலின்படி கால்சியத்தைச் சாப்பாட்டோடும், இரும்பைச் சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்தும் எடுக்கணும். இரும்பு மாத்திரையை டீயோடோ பாலோடோ விழுங்கவே கூடாது. தண்ணீர் அல்லது எலுமிச்சை ஜூஸ் நல்லது.

பள்ளிகளில் வாரம் ஒருமுறை கொடுக்கும் நீல நிற இரும்பு மாத்திரைக்கும் இதேதான். வயிறு குமட்டுதுன்னு மாத்திரையைத் தூக்கிப் போடாதீங்க. நேரத்தை மாற்றிக்கொள்ள முடியுமா என்று செவிலியரிடம் கேளுங்க.

அடிக்கடி கேட்கும் 3 கேள்விகள்

ராத்திரி கீரை சாப்பிட்டால் சத்து ஏறாதா?
அப்படி எதுவும் இல்லை. நார்ச்சத்து அதிகம் என்பதால் சிலருக்கு வயிறு மந்தமாகலாம், அவ்வளவுதான்.

முருங்கைக்கீரையோடு முட்டை நல்லதா?
நல்லதுதான், ஆனால் வேற காரணத்துக்கு. மஞ்சள் கருவில் உள்ள கொழுப்பு வைட்டமின் ஏ-வை ஏற்றும், புரதமும் கிடைக்கும். இரும்பு ஏறுவதற்கு முட்டை உதவாது, கொஞ்சம் குறைக்கவே செய்யும். கூட ஒரு கொய்யாவோ நெல்லியோ சேர்த்துக்குங்க.

கம்பம் பன்னீர் திராட்சை சாப்பிட்டால் ரத்தம் ஊறுமா?
2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நம்ம பன்னீர் திராட்சைக்கு ருசியில் குறையில்லை. ஆனால் நிறம் ரத்தம் மாதிரி இருப்பதால் ரத்தம் ஊறாது. திராட்சையில் வைட்டமின் சி குறைவு, தோலிலும் விதையிலும் டானின் வகைப் பொருட்களும் உண்டு. பழமாக ரசித்துச் சாப்பிடுங்க. இரும்புக்குத் துணையாக வேண்டும் என்றால் கொய்யா, நெல்லியைத் தேர்ந்தெடுங்க.

தோட்ட வேலைக்குப் போறவங்களுக்கு ஒரு நாள் கணக்கு

- விடியற்காலை: கிளம்பும் முன் டீ குடிக்கலாம். சாப்பாடு ஒரு மணி நேரம் கழித்து.
- காலைச் சாப்பாடு: இட்லி அல்லது கம்பங்கூழ், சின்ன வெங்காயம். டீ உடனே வேண்டாம்.
- காலை இடைவேளை: சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தால் டீ தாராளமாக.
- மதியம்: சோறு, எண்ணெயில் தாளித்த முருங்கைக்கீரை, பருப்பு, ஒரு துண்டு நெல்லிக்காய் அல்லது எலுமிச்சை. முடிந்தால் மீன், கருவாடு.
- மாலை: வீடு திரும்பியதும் டீ.
- இரவு: வழக்கமான சாப்பாடு, தயிர் அல்லது மோர்.

இதில் புதுசாக வாங்க வேண்டியது ஒரு நெல்லிக்காய் மட்டும்தான். மற்றபடி இடம் மாறியது டீயும் தயிரும்.

சாப்பாடு மட்டும் போதுமா?

போதாது, அதையும் தெளிவாகச் சொல்லிடணும். மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு, குடல் கொக்கிப்புழு, வைட்டமின் பி12 குறைவு, தலசீமியா போன்ற பரம்பரைக் கோளாறு என ரத்தசோகைக்குக் காரணங்கள் பல. செருப்பில்லாமல் ஈர மண்ணில் வேலை செய்பவர்களுக்குக் கொக்கிப்புழு ஆபத்து அதிகம். ஹீமோகுளோபின் ரொம்பக் குறைந்துவிட்டால் உணவால் மட்டும் அதைச் சரிசெய்ய முடியாது, மருந்து கட்டாயம்.

மூச்சு வாங்குவது, படபடப்பு, எப்போதும் சோர்வு, மண் அல்லது பச்சரிசி தின்னத் தோணுவது போன்றவை இருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்க. பரிசோதனை இலவசம்தான். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள், சிறுநீரக நோயாளிகள், தலசீமியா உள்ளவர்கள் கீரை அளவையோ இரும்பு மாத்திரையையோ தாங்களாக மாற்றாமல் மருத்துவரிடம் கேட்ட பிறகே மாற்றணும்.

சுருக்கமா சொன்னா: கீரையோடு புளிப்பு, கீரைக்கு எண்ணெய், தானியத்துக்கு ஊறல், டீக்கு ஒரு மணி நேர இடைவெளி. இந்த நாலையும் இன்றைக்கு மதியச் சாப்பாட்டில் இருந்தே தொடங்கலாம்.